மரத்த காலோடு பேருந்து ஓட்டினேன்

அம்மனை நம்பி வாழும் உங்கள் எல்லோருக்கும் வணக்கம். என் பெயர் குமாரசாமி. ஊர் காங்கேயம். பத்தொன்பது வருடம் காங்கேயம் – கொடுமுடி தடத்தில் தனியார் பேருந்து ஓட்டினேன். என் தப்பையும், செல்லாண்டியம்மன் என்மேல் காட்டிய இரக்கத்தையும் மறைக்காமல் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

போன வருடம் ஆடியில் வலி தொடங்கியது. வலது புட்டத்தின் ஆழத்தில், யாரோ கட்டைவிரலை வைத்து அழுத்துவதுபோல இருக்கும். அரை மணி நேரம் உட்கார்ந்தால் தொடையின் பின்பக்கமாகப் பாதம்வரை இறங்கும். எழுந்து நடந்தால் கொஞ்சம் அடங்கும். என் பிழைப்போ உட்கார்ந்து செய்வது. உள்ளூர் டாக்டரிடம் காட்டியபோது முதுகில் ஜவ்வு விலகல் என்றார். பெல்ட் கட்டினேன், மாத்திரை விழுங்கினேன். எதற்கும் கேட்கவில்லை. ஒருக்களித்து உட்கார்ந்து வண்டி ஓட்டினேன். தை மாதம் பாதம் மரக்கத் தொடங்கியது.

பாதம் மரப்பதை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் வண்டியை விட்டு இறக்கிவிடுவார்கள். என் மனைவி சாந்தாமணி மட்டும் கண்டுபிடித்துவிட்டாள்.

"ஏனுங்க, செருப்பு வாசல்லயே கழண்டு கெடக்குது. அதுகூடத் தெரியாம ஊட்டுக்குள்ள வர்றீங்க. லீவு போட்டுப்போட்டுப் பெரிய டாக்டரைப் பாருங்க."

அதட்டி அவள் வாயை அடைத்தேன். தினமும் கோயிலில் நின்று, "அம்மா, யாருக்கும் தெரியாமப் பாத்துக்கோ" என்றுதான் வேண்டினேன். அந்த வேண்டுதலை அம்மன் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்று இப்போது தெரிகிறது.

மாசியில் ஒரு மதியம். கொடுமுடியிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தேன். ஒரு நிறுத்தத்துக்கு முன்னால் ஒரு பெண்மணி சாலையைக் கடந்தார். பார்த்துவிட்டேன். நிறுத்த நேரமும் இருந்தது. பிரேக்கை மிதித்தேன். மிதித்ததாக நினைத்தேன். பாதம் பெடலின் ஓரத்தில் வழுக்கியிருந்தது எனக்குத் தெரியவில்லை. மறுபடி மிதித்து வண்டி நிற்பதற்குள் அவர் கீழே கிடந்தார்.

நடத்துநர் பழனிச்சாமி குதித்து ஓடினான். "அண்ணா, உசுரு இருக்குதுங்கண்ணா!" என்று கத்தினான். எனக்கு இறங்கக் கால் வரவில்லை.

அவர் பெயர் ராஜாமணி. தேங்காய் காயவைக்கும் களத்தில் கொப்பரை தோண்டும் வேலை. ஈரோட்டில் ஒரு மருத்துவமனையில் அறுவை சிகிச்சை நடந்தது. இடது கால் நொறுங்கியிருந்தது. ரத்தம் நிறையப் போயிருந்தது, எதுவும் சொல்ல முடியாது என்றார்கள். நான் வராந்தாவில் நின்றேன். வலியால் உட்கார முடியாது. அங்கேதான் வாழ்க்கையில் முதல்முறையாக உண்மையாக வேண்டினேன். "அம்மா, ஒளிச்சது நானு. அந்த உசுரை எடுத்துப்போடாத. நான் எல்லாத்தையும் சொல்லிப்போடறேன்."

ராஜாமணி பிழைத்தார். நான் காவல் நிலையத்தில் கால் மரத்ததைச் சொன்னேன். வேலை போனது. வழக்கு இன்னும் நடக்கிறது.

பத்தாம் நாள் ராஜாமணியிடமும் போய்ச் சொன்னேன்.

"முந்தியே சொல்லியிருந்தா என்ற காலு நல்லா இருந்திருக்குமுங்களே" என்றார்.

அழுதேன். அவருக்குப் பயிற்சி கொடுக்க வந்திருந்த பிசியோதெரபி பெண் நான் சாய்ந்து நிற்பதைக் கவனித்தார். "உங்களுக்கு எங்கீங்க வலிக்குது? ஒரே விரல்ல தொட்டுக் காட்டுங்க" என்றார். இத்தனை மாதத்தில் யாரும் அப்படிக் கேட்டதில்லை. காட்டினேன். படுக்க வைத்து முழங்காலை மடக்கி உள்பக்கம் தள்ளினார். அலறிவிட்டேன். "இது முதுகுல இருந்து வர்ற மாதிரி தெரியலீங்க" என்று கோயம்புத்தூர் ஆர்.எஸ்.புரத்தில் ஒரு வலி மருத்துவரின் பெயரை எழுதிக் கொடுத்தார். ராஜாமணி அந்தச் சீட்டைப் பார்த்துவிட்டு, "போய்ப் பாருங்க தம்பி. இன்னொருத்திக்கு இது வேண்டாம்" என்றார். அம்மன் அந்தக் கட்டிலிலிருந்துதான் பேசினாள் என்று நான் நம்புகிறேன்.

சாந்தாமணியோடு அங்கே போனேன். மருத்துவர் அம்மா விளக்கினார். புட்டத்துக்குள் பிரிஃபார்மிஸ் என்று ஒரு சிறு தசை. அது இறுகி, காலுக்கு இறங்கும் பெரிய நரம்பை நெரிக்கிறது. நரம்பு பக்கத்திலேயே இருப்பதால் குத்துமதிப்பாக ஊசி போட முடியாது, படம் பார்த்துத்தான் போட வேண்டும் என்றார். குப்புறப் படுத்தேன். குளிர்ந்த ஜெல் தடவி, அல்ட்ராசவுண்ட் கருவியை அழுத்தினார். திரையில் ஊசி வெள்ளைக் கோடாக இறங்குவதைத் தலையைத் திருப்பிப் பார்த்தேன். உள்ளே ஒரு அழுத்தம். அவ்வளவுதான்.

ஒரு மணி நேரம் படுக்கவைத்து, பிறகு நாற்காலியில் உட்காரச் சொன்னார். உட்கார்ந்தேன். வலி இல்லை. சாந்தாமணி என் முகத்தைப் பார்த்துவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்குச் சந்தோஷம் வரவில்லை. இவ்வளவு சின்ன வைத்தியத்தைத் தள்ளிப்போட்டா ஒரு பெண்ணின் காலை வாங்கினேன் என்றுதான் தோன்றியது.

சில வாரத்தில் வலி பாதி திரும்பியது. இரண்டாவது ஊசி போட்டார்கள். தினமும் பயிற்சி செய்கிறேன். இப்போது மரப்பு இல்லை. ஆனாலும் ஸ்டியரிங்கைத் தொடுவதில்லை, அது நானே எடுத்த முடிவு. ஒரு எண்ணெய் ஆலையில் எடை போடும் வேலை பார்க்கிறேன். ராஜாமணி அக்கா ஊன்றுகோலோடு நடக்கிறார். களத்துக்குப் போக முடியவில்லை. நானும் சாந்தாமணியும் வாரம் ஒருமுறை போய் வருகிறோம். சில நாள் பேசுவார். சில நாள் பேசமாட்டார்.

அவரைப் பிழைக்க வைத்ததற்கும், என் காலைத் திருப்பித் தந்ததற்கும் அம்மனுக்கு நன்றி சொல்லாத நாளில்லை. உங்களுக்கும் ஒளித்து வைத்த வலி இருந்தால் அவளிடம் சொல்லுங்கள். கட்டாயம் வழி காட்டுவாள். ஆனால் அவளிடம் சொல்வதோடு நிற்காதீர்கள். வீட்டில் சொல்லுங்கள், மருத்துவரிடம் சொல்லுங்கள், வேலை கொடுத்தவரிடம் சொல்லுங்கள். இன்றைக்கே சொல்லிவிடுங்கள்.