அளவுக்கு மீறித் தழைத்த ஆவாரை

மழை பொய்த்த மூன்றாவது வருஷம் அது. விஜயபுரத்தில் ஒன்பது நாளைக்கு ஒருமுறைதான் குழாயில் தண்ணீர் வந்தது. அந்தக் கோடையில், பழைய பஸ் நிலையத்துக்குப் பின்னால் நாங்கள் போட்டிருந்த தோட்டத்தில் ஆவாரை கருகருவென்று தழைத்தது. எங்கள் சந்திலிருந்த எல்லோரும் வந்து பார்த்து மெச்சினார்கள். நீலகங்கவ்வா மட்டும் இலையை விட்டுவிட்டு மண்ணையே பார்த்தாள்.

அவள் இருபத்திரண்டு வருஷம் பஸ் கண்டக்டராக இருந்தவள். இண்டி ஊருக்குப் போகும் தடத்தில், பஞ்ச காலத்தில் சாலையோரம் எந்தச் செடி கடைசிவரை நிற்கிறது என்று பார்த்துப் பார்த்துக் குறித்து வைத்தவள். ஓய்வு பெற்ற மறுமாதமே, நகரத்து நடுவில் குப்பைமேடாகக் கிடந்த அந்த இடத்துக்கு ஆள் திரட்டினாள். பஞ்சர் கடை தஸ்தகீர், வளையல் விற்கும் காசிபாயி, எதிரே தையல் கடை வைத்திருக்கும் நான் என்று ஒன்பது பேர் சேர்ந்தோம். ஞாயிற்றுக்கிழமை காலையில் கூடுவோம். கள்ளி, கற்றாழை, ஆவாரை, நொச்சி நட்டோம். மண் காயாமலிருக்கச் சோளத்தட்டையை மூடாக்காகப் போட்டோம். நட்டு ஒரு வருஷம் தாண்டிய செடிக்குச் சொட்டுத் தண்ணீர் ஊற்றக்கூடாது என்பது அவள் சட்டம். இடம் சங்கனகௌடருடையது, பாத்தி கட்டக் கல்லும் அவர்தான் கொடுத்தார். ஆறு மாதத்துக்கு முன்னால் தோட்டத்தை ஒட்டிப் புதிதாக ஒரு லாட்ஜ் கட்டியிருந்தார்.

"யாரு தண்ணி ஊத்துனது?" என்று அன்றைக்கு அவள் கேட்டாள்.

"சட்டியில சோறாக்கவே தண்ணி இல்ல, செடிக்கு எவ ஊத்துவா?" என்றாள் காசிபாயி. "நல்லா வளர்ந்தாலும் குத்தமா அக்கா? நீ எனக்கு மாமியாரா வந்திருந்தா நான் செத்தேன்."

தஸ்தகீர் சிரித்தார். நீலகங்கவ்வா குனிந்தாள். மூடாக்கை விலக்கி மண்ணுக்குள் விரலை விட்டாள். இரண்டாம் கணு வரை ஈரம். விரலை முகர்ந்து பார்த்துவிட்டுப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

அடுத்த வாரம் கள்ளி அடியில் கருத்துக் குழைந்து சாய்ந்தது. லாட்ஜ் சுவரோரம் இருந்த வரிசைதான் முதலில் போனது. பிறகு அடுத்த வரிசை. ஈரம் நாளுக்கு நாள் எங்கள் சந்துப் பக்கமாக நகர்ந்துகொண்டிருந்தது. சந்துக்குத் தண்ணீர் கொண்டுபோகும் பழைய குழாய் அந்த மண்ணுக்கு அடியில்தான் ஓடியது. தண்ணீர் வராத எட்டு நாளும் அது காலியாகக் கிடக்கும்; எங்காவது ஓட்டை இருந்தால் வெளி ஈரம் உள்ளே இறங்கிவிடும்.

என்னையும் கூட்டிக்கொண்டு கௌடரிடம் போனாள்.

"கௌடரே, உங்க கக்கூஸ் தொட்டி கசியுது. ஒருக்கா திறந்து பாருங்க."

"கண்டக்டரம்மா, செடி செழிச்சா சந்தோஷப்படணும். நீங்க என்னடான்னா நாத்தம் புடிக்கிறீங்க," என்று சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. "லாட்ஜுல ஆளுங்க தங்கியிருக்காங்க. இப்படி ஒரு பேச்சு வெளியில போச்சுன்னா, நீங்க தோட்டம் போட்ட இடம் யாரோடதுன்னு நான் ஞாபகப்படுத்த வேண்டி வரும்."

குடிநீர் அலுவலகத்திலும் எழுதிக் கொடுத்தோம். ஆள் வரவில்லை.

ஒன்பதாம் நாள் காலை தண்ணீர் வந்தது. சந்து முழுக்கக் குடங்கள். நீலகங்கவ்வா பஸ்ஸில் கத்தும் குரலில் கத்தினாள்.

"குடிக்காதீங்கடி! கொஞ்ச நாளைக்குத் துணி தொவைக்க மட்டும் வெச்சுக்கோங்க!"

"குடிக்கறதுக்கு நீ ரயில்ல கொண்டாந்து ஊத்துவியா?" என்று ஒருத்தி திருப்பிக் கேட்டாள். தண்ணீர் கண்ணாடி போலத்தான் இருந்தது. காசிபாயி ஒரு கை ஏந்திக் குடித்தே காட்டினாள். "பாரு, தேனாட்டம் இருக்கு."

நீலகங்கவ்வா குடத்தைத் தட்டிவிடப் போனாள். கை பாதியிலேயே நின்றுவிட்டது. ஒன்பது நாள் காத்திருந்த தண்ணீரை மண்ணில் கொட்ட அவளுக்கு மனசு வரவில்லை. அந்தக் கை நின்றதைத்தான் இன்றுவரை சொல்லிச் சொல்லி மாய்கிறாள்.

மூன்றாம் நாள் சந்தில் வாந்தியும் பேதியும் தொடங்கியது. முதலில் நாலு வீடு. சாயங்காலத்துக்குள் பதினோரு வீடு. தஸ்தகீர் தன் மனைவியை ஆட்டோவில் போட்டுக்கொண்டு போனார். பேதி கண்ட காசிபாயி நீலகங்கவ்வாவிடம், "காலையில வளையல் கூடையை எடுத்து உள்ள வெய்யி அக்கா, வெயில்ல நெறம் போயிடும்" என்று சொல்லிவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குப் போக ஆட்டோவில் ஏறினாள். நான்காம் நாள் அவளை வெள்ளைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தார்கள்.

அடக்கம் முடிந்து வந்த நீலகங்கவ்வா குளிக்கக்கூட இல்லை. கடப்பாரையை எடுத்துக்கொண்டு நேரே தோட்டத்துக்குப் போனாள். மூன்று வருஷம் தன் கையால் வளர்த்த ஆவாரையை வேரோடு பெயர்த்துப் போட்டாள். நாங்களும் மண்வெட்டி எடுத்தோம். உச்சி வெயிலில் இடுப்பளவு தோண்டினோம். மேலே காய்ந்த மண், கீழே கருஞ்சேறு. சேற்றுக்குள் குழாய் துருவேறி அரித்துப்போய், கட்டைவிரல் நுழையும் ஓட்டையோடு கிடந்தது. லாட்ஜ் பக்கமிருந்து சேறு மெல்ல ஊறி வந்துகொண்டேயிருந்தது.

கௌடரின் ஆட்கள் மூன்று பேர் வந்தார்கள். "குழியை மூடு" என்றான் ஒருவன்.

அவள் குழிக்குள்ளேயே நின்றாள். "என்னையும் சேத்து மூடு."

அதற்குள் சந்து முழுவதும் வந்து சுற்றி நின்றது. கௌடரின் ஆட்கள் கொஞ்ச நேரம் அந்த முகங்களைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள்.

அதிகாரிகள் வந்து லாட்ஜைப் பூட்டி முத்திரை வைத்தார்கள். குழாயை மாற்றினார்கள். இரண்டு மாதத்தில் முத்திரை உடைந்தது. லாட்ஜில் மறுபடி விளக்கு எரிகிறது. தோட்டம் இருந்த இடத்துக்குக் கௌடர் முள்வேலி போட்டு, சொத்தைச் சேதப்படுத்தியதாக நீலகங்கவ்வா மேல் வழக்கும் போட்டிருக்கிறார். வாய்தாவுக்கு அவள் தவறாமல் போய் வருகிறாள்.

நடுவதையும் அவள் விடவில்லை. ஆனால் இப்போதெல்லாம் எந்த இடம் கொடுத்தாலும், செடி வைப்பதற்கு முன்னால் இடுப்பளவு தோண்டிப் பார்க்கச் சொல்கிறாள். சந்தை வாசலிலும் தபால் நிலையத்து ஓரத்திலும் தோண்டினோம். இரண்டும் காய்ந்த மண். நட்டுவிட்டோம். மூன்றாவது இடம் பெண்கள் பள்ளிக்கூடத்துக்கு எதிரே. வருகிற ஞாயிற்றுக்கிழமை தொடங்குகிறோம். தங்கள் மண்ணுக்குள் என்ன அகப்படுமோ என்று, அந்தத் தெருக்காரர்கள் இப்போதே அவளைக் கண்டால் பேச்சை நிறுத்திவிடுகிறார்கள்.