இடப்பக்கம் நின்ற சூரியன்

இதைச் சொல்லி முடித்ததும் நீங்கள் என்னை எப்படிப் பார்ப்பீர்கள் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் இத்தனை காலமும் மற்றவர்களை அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தவன் நான். பேய், அசரீரி என்று யார் ஆரம்பித்தாலும் எந்த மாதம், என்ன திதி, கூட யார் இருந்தார்கள் என்று கேட்பேன். மூன்றாவது கேள்விக்குள் கதை கலைந்துவிடும். மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். ஊர் திருப்பருத்திக்குன்றம். கோயில் கல்வெட்டு, கூரத்துச் செப்பேடு, எந்த அரசனுக்குப் பின் எந்த அரசன் என்று வாசிப்பதும் குறித்துவைப்பதும்தான் என் பொழுதுபோக்கு. பெரிய காஞ்சிபுரத்து டீக்கடையில் வருஷத் தகராறு வந்தால் எனக்குத்தான் போன் வரும். அப்படிப்பட்ட நான் சொல்கிறேன், நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு.

முதலில் என் மனைவி ராஜமதியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், அது தெரியாவிட்டால் எதுவும் புரியாது. நாங்கள் சமணர்கள். பொழுதோடு சாப்பிட்டு முடித்துவிட வேண்டும், சூரியன் இறங்கிய பிறகு ஒன்றும் உண்ணக்கூடாது என்பது எங்கள் வழக்கம். வேலைக்குப் போன கையோடு நான் அதை விட்டுவிட்டேன். அவள் விடவில்லை. கல்யாண வீடானாலும் சரி, ஆஸ்பத்திரியானாலும் சரி, மகளைப் பெற்றுப் போட்ட அன்றைக்கும் சரி, இருட்டிய பிறகு அவள் வாயில் ஒரு பருக்கை போனதில்லை, ஒரு வாய் தண்ணீர் போனதில்லை. இப்போது சர்க்கரை வியாதி வேறு. சாப்பாட்டுக்குக் கொஞ்சம் முன்னால் இன்சுலின் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். ஊசியைப் போட்டால் சாப்பிட்டே ஆக வேண்டும்.

எங்கள் மகள் ஜெயந்திக்கு வளைகுடாவில் வேலை. மாதம் பாதி விமானத்திலேயே இருப்பாள். அதில் சேர்ந்த பாயிண்டுகளை எல்லாம் கொட்டி எங்களுக்கு முதல் வகுப்பு டிக்கெட் போட்டுவிட்டாள். சென்னையிலிருந்து அவள் இருக்கும் நகரம், அங்கிருந்து தெற்கே இந்துமகா சமுத்திரத்தில் ஒரு தீவு, அங்கிருந்து குட்டி விமானத்தில் இன்னொரு சின்னத் தீவு. "அப்பா, அம்மாவ கடலாண்ட சும்மா உக்கார வை, கல்வெட்டு எங்க இருக்குதுன்னு தேடிக்கினு போயிடாத" என்றாள்.

மாசி மாதக் கடைசியில் கிளம்பினோம். முதல் விமானத்தில் ராஜமதிக்கு ஒரே வேடிக்கை. "இன்னாங்க இது, கல்யாண மண்டபத்துல மாப்ள ரூம்பு மாதிரி கதவெல்லாம் வச்சிருக்கான்" என்றாள். இருக்கையைப் படுக்கையாக மாற்ற வந்த பணிப்பெண்ணிடம் போர்வையைப் பிடுங்கித் தானே விரித்தாள். மேற்கே பறந்தால் பகல் நீளும் என்று நான் விளக்கினேன். "அப்டின்னா டெய்லி மேற்கயே போயிக்கினு இருக்கலாமே, நிம்மதியா சாப்டலாம்" என்றாள். மகள் வீட்டில் சில நாள் தங்கிவிட்டு அடுத்த விமானம் ஏறினோம்.

அந்த இரண்டாவது விமானத்தில்தான் நடந்தது. மாலைப் புறப்பாடு. எங்களுக்கு நடுவில் ஒட்டினாற்போல் இரண்டு இருக்கை. இரு பக்கமும் நடைபாதை, அதற்கு அப்பால் ஜன்னலோரத்தில் சின்னச் சின்ன அறை மாதிரி ஒற்றை இருக்கைகள். எங்களுக்கென்று ஜன்னல் கிடையாது. வலப்பக்கம் ஒரு வெள்ளைக்காரர். அவருடைய ஜன்னல் வழியாகச் சூரியன் நன்றாகவே தெரிந்தது. சமணச் சாப்பாடு என்று முன்கூட்டியே சொல்லியிருந்தோம். மேலே போனதும் முதல் தட்டு உங்களுக்குத்தான் என்று பணிப்பெண் ஆங்கிலத்தில் உறுதி சொன்னாள். அதை நம்பி ராஜமதி அப்போதே ஊசியைப் போட்டுக்கொண்டாள்.

விமானம் நகர்ந்தது, நின்றது, மறுபடி நகர்ந்தது, நின்றது. முன்னால் வரிசையாக விமானங்கள். பணிப்பெண்கள் எல்லாரும் பெல்ட் போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். கைப்பையில் பொட்டுக்கடலை உருண்டை இருந்தது, எடுத்து நீட்டினேன். "உருண்ட துன்னுட்டு அப்பறம் சாப்பாடும் துன்னா சக்கர எகிறிடும், இருங்க, வந்துடும்" என்று தள்ளிவிட்டாள். வெள்ளைக்காரரின் ஜன்னலில் சூரியன் கட்டடங்களுக்குப் பின்னால் போவதை இருவரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். மேலே கிளம்பிய சற்று நேரத்தில் அவர் ஜன்னலை மூடிக்கொண்டு தூங்கிப்போனார். விளக்குகளை மங்கலாக்கினார்கள். பொழுது போய்விட்டது.

உருண்டையை மறுபடி நீட்டினேன். ராஜமதி தலையை ஆட்டினாள். நான் முதலில் கோபப்பட்டேன், அப்புறம்தான் பயந்தேன். நெற்றியெல்லாம் வியர்வை. கை நடுங்கியது. சொல் குழறியது. விரலில் குத்திப் பார்த்தேன், சர்க்கரை பயப்படும்படி இறங்கியிருந்தது. பணிப்பெண் ஆரஞ்சு ஜூஸ் கொண்டுவந்தாள். ராஜமதி பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"மருந்துன்னு நெனச்சிக் குடி ராஜமதி. தெய்வம் மன்னிக்கும்."

"மன்னிக்கறதுக்கு அங்க யாரு இருக்காங்க?" என்றாள், நாக்கு புரளாமல். "நம்ம வினைய நாமதாங்க சுமக்கணும். உசுரு போறதுன்னா போவட்டும். இத்தினி வருஷத்த ஒரு டம்ளர் ஜூஸுக்கு உட்டுக்குடுக்க மாட்டேன்."

எங்கள் மதத்தைப் பற்றி நான் வாசித்ததையெல்லாம் அவள் அந்த ஒரு வார்த்தையில் முடித்துவிட்டாள். மன்னிக்கிற கடவுள் எங்கள் மதத்தில் கிடையாது. பயணிகளில் டாக்டர் யாராவது இருக்கிறார்களா என்று கேட்கப் பணிப்பெண் ஓடினாள். ராஜமதியின் கண் மேலே சொருகத் தொடங்கியது. அவளைத் தோளில் சாய்த்துக்கொண்டு, நம்பினால் நம்புங்கள், எதையும் வேண்டத் தெரியாதவன் நான், வெறுமனே அவள் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் இடப்பக்கத்திலிருந்து குரல் வந்தது.

"ஏம்மா, இருட்டிப்போச்சின்னு உனக்கு ஆரு சொன்னது? இந்த ஆளா? ஆம்பளைங்க பேச்சக் கேட்டா பட்டினிதான்."

நடைபாதைக்கு அப்பால் ஜன்னலோர இருக்கையில் ஓர் அம்மாள். ஐம்பது ஐம்பத்தைந்து வயதிருக்கும். அரக்கு நிறச் சேலை, நெற்றியில் ஒன்றும் இல்லை. அசல் எங்கள் பக்கத்துப் பேச்சு. ஏறும்போது அவரைக் கவனித்த ஞாபகம் எனக்கு இல்லை, ஆனால் அந்த நிலையில் அதெல்லாம் யாருக்குத் தோன்றும்? எழுந்து நின்று ஜன்னல் மறைப்பைக் கையால் மேலே தூக்கினார்.

சூரியன் இருந்தது.

மேகத்துக்கு மேலே ஒரு சாண் உயரத்தில், பழுத்த செம்மஞ்சளாக, உருண்டையாக. வெளிச்சம் நடைபாதையைத் தாண்டி வந்து ராஜமதியின் முகத்தில் விழுந்தது. அவள் கண்ணைத் திறந்தாள். என் கைக்கடிகாரத்துக் கண்ணாடி பளிச்சென்று அடித்தது. என் மொட்டைத் தலையில் வெயிலின் சூடு உறைத்தது, அதை இன்றைக்கும் சத்தியம் செய்வேன்.

"பாத்தியா? சாப்புடு. நிதானமா சாப்புடு. நீ முடிக்கங்காட்டியும் நான் இத புடிச்சிக்கினு இருக்கறேன்."

ராஜமதி கைகூப்பினாள். ஜூஸை ஒரே மூச்சில் குடித்தாள். பணிப்பெண் தட்டோடு திரும்பி வந்தாள். சோறு, பருப்பு, ஏதோ ஒரு பூசணிக்காய்க் கூட்டு. ராஜமதி எப்போதும் போல ஒவ்வொரு வாயையும் மென்று மென்று, ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டாள். அவ்வளவு நேரமும் வெளிச்சம் அசையவில்லை. அந்த அம்மாள் உட்காரவும் இல்லை, ஒரு கையை உயர்த்தியபடி நின்றுகொண்டே இருந்தார். எந்த ஊரம்மா என்று நடுவில் கேட்டேன். "உங்க ஊரு வழியா எத்தினியோ தபா போயிருக்கறேன்" என்றார், திரும்பிப் பார்க்காமல்.

பின்பக்கத்திலிருந்து ஒரு வடநாட்டு டாக்டர் வந்து நாடி பிடித்து, சர்க்கரை ஏறுகிறது, பயமில்லை என்றார். அவரிடம் பேசிவிட்டு நன்றி சொல்லலாம் என்று இடப்பக்கம் திரும்பினேன். இருக்கை காலி. மறைப்பு மூடியிருந்தது. கழிப்பறைக்குப் போயிருப்பார் என்று காத்திருந்தேன். வரவில்லை. எழுந்துபோய்ப் பார்த்தால் தலையணை உறை கசங்கவில்லை, போர்வை கட்டிய நாடாவோடு அப்படியே இருந்தது, பெல்ட் குறுக்காக மாட்டியிருந்தது. மறைப்பைத் தூக்கக் கைப்பிடி தேடினேன். கைப்பிடியே இல்லை. அது பொத்தானை அழுத்தினால் ஏறும் மறைப்பு. அழுத்தினேன். வெளியே கும்மிருட்டு, இறக்கை நுனியில் விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது.

பணிப்பெண்ணைக் கேட்டேன். அந்த இருக்கைக்கு யாரும் டிக்கெட் எடுக்கவில்லை, முதல் வகுப்பில் நீங்கள் இருவரும் வலப்பக்கத்தவரும் மட்டும்தான் என்றாள். அப்படியானால் தட்டு கொண்டுவந்தபோது வெளிச்சம் எங்கிருந்து வந்தது என்றேன். சற்று யோசித்துவிட்டு, நீங்கள் வாசிப்பு விளக்கைப் போட்டிருக்கிறீர்கள் என்று நினைத்தேன் என்றாள். நான் விளக்கே போடவில்லை.

இங்கே நீங்கள் கேட்கப்போவதை எல்லாம் நானே கேட்டுப் பார்த்துவிட்டேன். தரையில் அஸ்தமித்த சூரியன் உயரே ஏறினால் கொஞ்ச நேரம் மறுபடி தெரியும், அது விஞ்ஞானம், நானும் வாசித்திருக்கிறேன். தீவில் போய் இறங்கும்வரை அதை வைத்துத்தான் மனதைத் தேற்றிக்கொண்டேன். மறுநாள் காலை குட்டி விமானத்துக்காகக் காத்திருந்தபோது சுவரில் ஒரு தேசப்படம் மாட்டியிருந்தது, அதில் எங்கள் வழியை விரலால் தடவிப் பார்த்தேன். நாங்கள் வந்தது நேர் தெற்கு. தெற்கே போகிறவனுக்கு இடப்பக்கம் கிழக்கு. விமானம் வட்டமடித்திருந்தால் வெளிச்சம் ஓடியிருக்கும், நின்றிருக்காது. சரி, கிழக்கே எழுந்த பௌர்ணமி நிலவைத்தான் சூரியன் என்று நினைத்துவிட்டோமோ? பஞ்சாங்கத்தைப் பார்த்தேன். நாங்கள் பறந்ததற்கு மறுநாள் அமாவாசை.

ராஜமதியிடம் இது எதையும் சொல்லவில்லை. அவள் அந்தச் சின்னத் தீவில் சந்தோஷமாக இருந்தாள், தண்ணீரில் கால் நனைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "அந்தம்மா எறங்கறப்ப ஒரு வார்த்த சொல்லிக்கவே இல்ல பாருங்க" என்று மட்டும் சொன்னாள். ஆக அவளும் பார்த்திருக்கிறாள். எனக்குச் சித்தம் கலங்கவில்லை என்று கொஞ்சம் ஆறுதல் வந்தது.

அந்த ஆறுதல் வைகாசி வரைக்கும்தான். ஊர் திரும்பிய பிறகு ஒருநாள் அந்தி கழிந்து, கோயில் மணி அடித்து ஓய்ந்து, தெருவும் இருட்டிவிட்டது. எங்கள் பக்கம் மின்சாரம் வேறு போய்விட்டது. மெழுகுவத்தி தேடிக்கொண்டு கிழக்குப் பக்கத்து அறைக்குள் போனால் ராஜமதி ஜன்னலைப் பார்த்தபடி சோற்றைப் பிசைந்துகொண்டிருக்கிறாள்.

"ராஜமதி, இந்நேரத்துக்கா சாப்டற?"

"இன்னும் இருக்குதேங்க" என்றாள், ஜன்னலை மோவாயால் காட்டி. "கண்ணுக்குத் தெரியல உங்களுக்கு?"

ஜன்னலுக்கு வெளியே அடுத்த வீட்டுச் சுவர்தான் இருந்தது, அதுவும் இருட்டில். கண் டாக்டரிடம் அழைத்துப்போனேன், பார்வை தெளிவாக இருக்கிறது என்றார். வேறு டாக்டரிடமும் போனோம். ஒன்றும் இல்லை என்றார்கள். தினமும் இல்லை, வேலை அதிகமாகிப் பொழுதோடு சாப்பிட முடியாமல் போகிற நாட்களில் மட்டும். நான் ஒரு வார்த்தை சொன்னால் நின்றுவிடும். இருட்டிவிட்டது, அங்கே ஒன்றும் இல்லை என்று சொன்னால் போதும். ஆனால் இங்கே இல்லை என்றால் அன்றைக்கு விமானத்திலும் இல்லை என்று ஆகிவிடும். உயிரைக் கொடுத்துக் காப்பாற்ற நினைத்ததை அவள் கையாலேயே உடைத்தாள் என்று நான் எப்படிச் சொல்வேன்? அதோடு, இதைச் சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது, மின்சாரம் போன அந்த அறையில் மெழுகுவத்தி ஏற்றுவதற்கு முன்பே அவள் தட்டில் இருந்த ஒவ்வொரு பருக்கையும் எனக்குத் தெரிந்தது.

இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். ஒன்றே ஒன்றுதான் இன்றைக்கும் என்னைத் தூங்கவிடாமல் அடிக்கிறது. அவ்வளவு நிதானமாக மென்று சாப்பிடுகிறவள், அந்த நாட்களில் மட்டும் அவசர அவசரமாக அள்ளிப் போட்டுக்கொள்கிறாள். ஏன் இப்படி, புரையேறப்போகிறது, மெதுவாகச் சாப்பிடேன் என்றேன் ஒருநாள்.

வாயில் சோற்றோடு ஜன்னல் பக்கம் இரக்கமாகப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "சீக்கிரம் முடிக்கணுங்க. பாவம், அவங்களுக்குக் கை வலிக்குது."