காகிதத்தில் ஏறாத கொடை

அன்று அந்த அறையில் இருந்தவர்கள்: என் அத்தான். அவர் மனைவியான என் அக்கா. துணி வெட்டும் பெரியவர். தைக்கிறவர்கள் நாலு பேர். மாட்டுங்காவிலிருந்து வந்த ஆபீஸ் சார். நான். சாரைத் தவிர எல்லாரும் திருநெல்வேலிப் பக்கம் ஒரே ஊர்க்காரர்கள். நடுவில், தரையில், மாதிரிக்குத் தைத்த காக்கிப் பள்ளிக்கூடப் பை ஒன்று.

அது அறுபதுகளின் நடுவில், பம்பாய் தாராவியில். அத்தான் பல வருடம் அடுத்தவன் பட்டறையில் கூலிக்குத் தைத்தவர். மெஷினாகச் சேர்த்து, நாலு மெஷின் ஆனதும் சொந்தப் பட்டறை போட்டார். இனி எவன் முன்னாலும் கூலிக்குக் குனிய மாட்டேன் என்பார். அவருக்கு அது ஒன்றுதான் வேண்டியிருந்தது. அப்போது ஒரு மொத்த வியாபாரி, ஜூனில் பள்ளி திறக்குமுன் பைகள் கேட்டார். துணி அவரே தருவார். ஆனால் வேலையை எப்படி முடிக்கப்போகிறோம் என்று இங்கிலீஷில் திட்டம் எழுதிக் காட்ட வேண்டும். சொன்ன நாளில் பை வராவிட்டால் மெஷின்கள் அவருக்கு. அத்தான் சரி என்றுவிட்டார்.

எங்களில் யாருக்கும் இங்கிலீஷ் வராது. அதனால்தான் சாரைக் கூட்டி வந்தோம். பட்டறைக் கணக்கு பார்த்தது நான். அவர் கேட்கக் கேட்கச் சொன்னேன். நூல் எவ்வளவு, பக்கிள் எவ்வளவு, ஒரு ஆள் ஒரு நாளைக்கு எத்தனை பை தைப்பான். எல்லாம் எனக்குத் தெரியும் என்ற நினைப்பு. கடைசியில் சார் பேனாவை நிறுத்தினார்.

“ஆளுங்களுக்கு லீவு எத்தனை நாள் போடட்டும்?”

“எங்களுக்கு ஏது சார் லீவு? செத்தாத்தான். அதுவும் அரை நாளு” என்றேன்.

அறையே சிரித்தது. அத்தானும் சிரித்தார். சார் சைபர் போட்டார்.

சித்திரைக் கடைசிச் செவ்வாய் எங்கள் அம்மனுக்குக் கொடை, ஊர்த் திருவிழா. தீபாவளிக்குக்கூட ஊருக்குப் போகாமல் இருப்போம். கொடைக்குப் போகாமல் இருந்ததில்லை. ஆனால் அதை லீவு என்று எங்களில் ஒருவரும் நினைத்ததில்லை. மூச்சு விடுவதை யார் கணக்கில் எழுதுவார்? சார் அந்த ஊர்க்காரராக இல்லை. நாங்கள் எல்லாரும் அந்த ஊர்க்காரர்களாக இருந்தோம். தப்பு அங்கே நடந்தது.

சித்திரை பிறந்ததும் ஊரிலிருந்து தகவல் வந்தது, கொடைக்கு வீட்டுக்கு வீடு வரி போட்டாயிற்று என்று. பட்டறையில் பேச்சு மாறிவிட்டது. பாதிப் பேராவது நில்லுங்கள் என்று அத்தான் கேட்டார்.

“வரி கொடுத்தவன் கொடைக்கு நிக்கணும்லா” என்றார் வெட்டுகிற பெரியவர். “யாரை இங்க நிக்கச் சொல்லுத? பேரைச் சொல்லு.”

அத்தான் ஒவ்வொருத்தர் முகமாகப் பார்த்தார். புது ஆள் பிடித்தால் கை படியவே ஒரு மாதம் ஆகும். என் பக்கம் திரும்பினார்.

“நீயும் போ, மாப்ள. வீட்டுக்கு ஒரு ஆம்பள சாமி முன்னால நிக்கணும். இல்லன்னா உங்க அக்காவ ஊரு பேசும்.”

நான் இருக்கிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பெட்டியை முந்தின நாளே கட்டி வைத்திருந்தேன்.

ஊரில் மேளம் நன்றாக இருந்தது. சாப்பாடும் நன்றாக இருந்தது. அத்தான் வரவில்லையா என்று கேட்டவர்களிடமெல்லாம், “அங்க பெரிய ஆர்டரு, அவரு அசைய முடியாது” என்று பெருமையாகச் சொன்னேன். கொடைக்குப் பிறகு வைகாசிக் கல்யாணங்கள். யாரும் உடனே ரயில் ஏறவில்லை. நானும் ஏறவில்லை.

திரும்பி வந்தபோது அத்தான் மெஷினில் இருந்தார். கால்கள் வீங்கி, மிதிக்கும்போது செருப்பு ஏறாமல் வெறுங்காலாக இருந்தார். அக்கா வெட்டிக்கொண்டிருந்தாள். கத்தரிக்கோல் பிடித்த விரலில் துணி சுற்றியிருந்தது. “சாமி நல்லா வந்துச்சா?” என்று மட்டும் கேட்டாள். பாதிப் பைகூட முடியவில்லை. பள்ளி திறந்தது, மழையும் பிடித்தது. வியாபாரியின் ஆட்கள் நாலு மெஷினையும் கைவண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அத்தான் கூடவே போய், நனையாமல் தார்ப்பாயை இழுத்து மூடிவிட்டு வந்தார். அடுத்த வாரம் பழைய பட்டறையில் கூலிக்கு உட்கார்ந்தார். சாகும்வரை அங்கேதான். என்னை ஒரு சொல் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும்.

போன மாதம் அக்கா மகன் வந்தான். அவனுக்கும் பைப் பட்டறைதான். பேங்கில் கொடுக்கத் திட்டம் ஒன்று கம்ப்யூட்டரில் அடித்து, பட்டறையில் வைத்து எனக்கு வாசித்துக் காட்டினான்.

“எல்லாம் பக்கா, மாமா. ஏதாவது விட்டுப்போச்சா?”

“ஆளுக எந்த ஊரு?”

“பீகார். எல்லாரும் ஒரே ஊரு. நல்ல பசங்க.”

“அவுக ஊர்ல சாமிக்குக் கொடை எப்ப?”

அவன் திரும்பி, தைத்துக்கொண்டிருந்தவரிடம் இந்தியில் கேட்டான். அவர் முகம் மலர்ந்து மாதத்தைச் சொன்னார். மருமகன் காகிதத்தைப் பார்த்தான். அவன் முகம் மலரவில்லை.

அந்தக் காக்கிப் பை இன்னும் என்னிடம் இருக்கிறது. ஆணியில் தொங்குகிறது. அதைப் பார்க்கும்போது காகிதம் எழுதிய நாள் நினைவில் வருவதில்லை. நான் பார்க்காத ஒரு நாள்தான் வருகிறது. கொடையன்று, ஊரில் நான் பந்தியில் உட்கார்ந்திருந்த நேரத்தில், அந்த அறையில் இருந்தவர்கள்: அத்தான். அக்கா.

இரண்டு பேர்.