தாய்லாந்து அம்மாவிடம் 'போதும்' என்றோம்

போன வாரம் விழுப்புரத்திலிருந்து என் நாத்தனார் போன் செய்தாள். எடுத்த எடுப்பிலேயே கேள்வி. "ஏன் அண்ணி, உங்க ஊர்ல தாய்லாந்து ஹோட்டல் கீதாமே? நெஜமாவா... இல்ல, பத்திரிகைல எழுதறதுக்காக நீங்களா கட்டி உட்டீங்களா?"

வயிற்றெரிச்சல், வேறென்ன? ஜங்ஷன் அவர்கள் ஊரில். கலெக்டர் ஆபீஸ் அவர்கள் ஊரில். என் வீட்டுக்காரர் இருபது வருஷமாக தினமும் ரயிலேறிப் போய் கையெழுத்துப் போடுவதும் அவர்கள் ஊரில்தான். திண்டிவனத்துக்கு என்று என்ன இருக்கிறது? பைபாஸ் இருக்கிறது. அதாவது, எங்களைப் பார்க்காமலே எல்லோரும் எங்களைத் தாண்டிப் போவதற்கான வசதி.

இப்போது ஒரு தாய்லாந்து ஹோட்டலும் இருக்கிறது. நாத்தனாரிடம் பெருமையாகத்தான் சொன்னேன். ஆனால் அந்த ஹோட்டலை நானும் ஊரும் சேர்ந்து என்ன பாடு படுத்தினோம் என்பதை மட்டும் சொல்லவில்லை. நாத்தனாரிடம் சொல்லக்கூடாததை எல்லாம் உங்களிடம்தானே கொட்டுகிறேன்?

முன்பு ஜெராக்ஸ் கடை இருந்த இடம் அது. ஆறு டேபிள். முதலாளி ஏழுமலை, திருவெண்ணெய்நல்லூர் பக்கத்தில் நெல்லும் கரும்பும் போடுகிற குடும்பம். பாங்காக்கில் ஒரு துணிக்கடையில் வேலை பார்த்தவர். கடைக்கு எதிரே ஒரு அம்மாவும் மகளும் தள்ளுவண்டியில் நூடுல்ஸ் விற்றிருக்கிறார்கள். ஏழுமலை மூன்று வேளையும் அங்கேதான். சாப்பாடு பிடித்ததா, பரிமாறிய பெண்ணைப் பிடித்ததா என்று கேட்டால் இன்றைக்கும் கழுத்தைச் சொறிகிறார்.

அந்தப் பெண்தான் மாலி. கல்யாணம் ஆகி, ஏழுமலையின் அப்பா கால் ஒடிந்து படுத்தபோது இருவரும் ஊர் திரும்பினார்கள். கரும்புக் கொல்லையில் காய்ந்த தோகையை, அதாவது சோகையை, உரிக்கிற பெண்களிடம் தமிழ் கற்றாள் மாலி. அதனால் அவள் பேசுவது டி.வி. தமிழ் அல்ல.

"வாங்கக்கா, குந்துங்க. வெயில்ல நடந்துகினா வந்தீங்க? இன்னா சாப்புடறீங்க?"

முதல் நாள் இதைக் கேட்டு நான் பின்னால் திரும்பிப் பார்த்தேன், வேறு யாரோ பேசுகிறார்கள் என்று. அவள் ஊரில் மாலி என்றால் மல்லிகைப் பூவாம். எங்கள் ஊரில் அவளை மாலா ஆக்கிவிட்டார்கள். பெயரிலேயே ரிப்பேர் வேலையை ஆரம்பித்துவிட்டோம், பாருங்கள்.

பிறகு திண்டிவனத்துக்கு வந்து கடை திறந்தபோது போர்டில் மூன்றே அயிட்டம்தான் பெரிய எழுத்தில் இருந்தது. தேங்காய்ப்பால் ஊற்றிய பச்சைக் குழம்பும் சாதமும். உரலில் இடித்துத் தருகிற பப்பாளிக்காய் சாலட். மல்லாட்டைப் பொடி, அதாவது வேர்க்கடலைப் பொடி, தூவிய தட்டையான நூடுல்ஸ். இதில் மல்லாட்டையை மட்டும் ஊர் உடனே ஏற்றுக்கொண்டது. நம்ம மார்க்கெட் கமிட்டி மல்லாட்டைதானே என்று விசாரித்துவிட்டு.

மற்றதற்கு எல்லாம் யோசனை.

நம் ஆட்களுக்கு ஒரு குணம் உண்டு. சாப்பிட்டோமா, எழுந்தோமா என்று இருக்க மாட்டோம். யோசனை சொல்லாமல் கை கழுவினால் சாப்பிட்டது செரிக்காது. எங்கள் தெரு கோவிந்தசாமி சார் இதில் ஒரு டிகிரி மேலே. தாலுகா ஆபீஸில் வருகிற மனுக்களில் எல்லாம் குறை கண்டுபிடித்துத் திருப்பி அனுப்பியே சர்வீஸை முடித்தவர். ரிட்டயரான பிறகு மனு வருவதில்லை. தட்டுதான் வருகிறது.

"இன்னாம்மா இது, குழம்பு பச்சையா கீது? பாக்கவே பேஜாரா கீது. கொஞ்சம் மிளகாத்தூள் போட்டு செவப்பாக்கேன்."

என் வீட்டுக்காரருக்கு எதை வைத்தாலும் ஒரே கேள்விதான். "தயிர் இல்லியா?"

நான் மட்டும் லேசுப்பட்டவளா? ஒரு நாள் நூடுல்ஸை முள்கரண்டியால் கிளறிக்கொண்டே சொன்னேன். "வறவறன்னு இருக்கு மாலி. மேல கொஞ்சம் சால்னா ஊத்திக் குடேன்?"

அடுத்த வாரம் போர்டில் 'ஸ்பெஷல் சால்னா நூடுல்ஸ்' வந்துவிட்டது. கூட்டம் என்றால் அப்படி ஒரு கூட்டம். ஏழுமலை என்னைப் பார்த்தால் எழுந்து நின்று கும்பிட ஆரம்பித்தார். எனக்கும் தலைகால் புரியவில்லை. ஒரு நாட்டின் சமையலையே திருத்திவிட்ட பெருமை சும்மாவா?

அதன்பிறகு பச்சைக் குழம்பு போர்டில் கடைசி வரிக்குப் போனது. பிறகு காணாமல் போனது. பப்பாளி இடிக்கிற உரலில் மாலி கரண்டிகளைச் செருகி வைத்திருந்தாள். "எப்டிக்கா கீது?" என்று அவள் கேட்பதும் நின்றுவிட்டது. நான் அதைக் கவனிக்கவே இல்லை. அடுத்தவர் மௌனத்தைக் கவனிக்கிற பழக்கம் யோசனை சொல்கிறவர்களுக்குக் கிடையாதே!

சில வாரங்களுக்கு முன்பு ஒரு மத்தியானம். கூட்டம் ஓய்ந்த நேரம். மாலி வந்து எனக்கு எதிரே உட்கார்ந்தாள். எப்போதும் உட்காராதவள்.

"எங்கம்மா வருதுக்கா. பத்து நாளைக்கு."

"நல்ல விஷயம்தானே? ஏன் மூஞ்சிய இப்படி வச்சிருக்கே?"

"தெனம் போன்ல கேக்கும்க்கா. ஒன் கைச் சோறு அந்த ஊர்க்காரங்களுக்குப் புடிச்சிருக்கான்னு. ஆமாம்மா, விரும்பி சாப்டுகினு கீறாங்கன்னு சொல்லிக்கினே வந்துட்டேன். இங்க வந்து இந்த சால்னா அண்டாவப் பாத்தா..."

"பாத்தா என்ன சொல்லும்?"

"கெளம்புன்னு சொல்லும். நம்ம சோத்தையே வேணாங்கற ஊர்ல ஒனக்கு இன்னா வேலை, நம்ம தள்ளுவண்டில ஒன் எடம் அங்க சும்மாதான் கெடக்குது, வாடின்னு கூப்புடும்." கிச்சன் பக்கம் பார்த்தாள். உள்ளே ஏழுமலை பாட்டுப் பாடிக்கொண்டே வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். குரலைத் தாழ்த்தினாள். "அம்மா கூப்ட்டா நானும் போய்டுவேனோன்னு பயமா கீதுக்கா."

எனக்கு வாயில் இருந்த நூடுல்ஸ் இறங்கவில்லை. அதிலும் சால்னா இருந்தது.

அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். அம்மா வந்த மறுநாள், ஞாயிற்றுக்கிழமை மதியம், நான் கொஞ்சம் பேரைக் கூட்டிக்கொண்டு வர வேண்டும். அவள் அவளுடைய சமையலைச் செய்வாள். நாங்கள் சாப்பிட வேண்டும்.

"யோசனை மட்டும் சொல்லாதீங்கக்கா. வாயத் தொறக்காம சாப்ட்டுப் போனா போதும்."

என்னையும் சேர்த்து ஒன்பது பேரைத் திரட்டினேன். கோவிந்தசாமி சாருக்கு மட்டும் ரோஷம் வந்துவிட்டது. "நான் எப்பம்மா யோசனை சொன்னேன்? உள்ளதச் சொன்னேன்." பிறகு மனசு இரங்கி ஒரு வேளைக்கு மட்டும் உள்ளதைச் சொல்லாமல் இருக்க ஒப்புக்கொண்டார். என் வீட்டுக்காரர் தயிரை மறப்பதாகச் சத்தியம் செய்தார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. சால்னா அண்டாவை ஏழுமலை விடியற்காலையிலேயே மொபெட்டில் வைத்து எங்கள் வீட்டுக்குக் கடத்திவிட்டார். கிச்சன் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு அந்த அம்மா உட்கார்ந்திருந்தார். குட்டையான உருவம், பூப்போட்ட சட்டை, கழுத்தோடு வெட்டிய நரைமுடி. எங்கள் முகத்தைப் பார்க்கவே இல்லை. கண் முழுக்கத் தட்டுகள் மேலேதான். பரீட்சை ஹாலில்கூட இத்தனை கெடுபிடி நான் பார்த்ததில்லை.

பச்சைக் குழம்பு வந்தது. சாப்பிட்டோம்.

நன்றாக இருந்தது. எழுதவே வெட்கமாக இருக்கிறது. ஒன்றரை வருஷமாக அந்தக் கடைக்குப் போகிறேன், அந்தக் குழம்பை அன்றுதான் முழுசாகச் சாப்பிட்டேன். பாதியில் நிறுத்தி யோசனை சொல்லாமல் சாப்பிட்டால் சாப்பாட்டுக்கு ருசி வரும் போலிருக்கிறது. எலுமிச்சை இலை வாசனையும் தேங்காய்ப்பாலும் ஏதோ ஒரு கிழங்கின் காரமும்... என் வீட்டுக்காரர் தட்டை வழித்துக்கொண்டிருந்தார். தயிரைத் தேடவில்லை.

எல்லாம் நல்லபடியாக முடிந்திருக்கும். ஆனால் அந்த அம்மாவுக்கு சந்தோஷம் தாங்கவில்லை. காலித் தட்டுகளைப் பார்த்ததும் எழுந்தார். குழம்புப் பாத்திரத்தையும் கரண்டியையும் எடுத்துக்கொண்டு அவரே பரிமாற வந்துவிட்டார்.

முதலில் என் வீட்டுக்காரர். கரண்டி கிட்டே வந்ததும் தட்டைக் கையால் மறைத்தார். "போதும், போதும்மா..."

அந்த அம்மா நின்றார். கரண்டியைப் பின்னால் இழுத்துக்கொண்டார். அடுத்து கோவிந்தசாமி சார். அவர் இரண்டு கையாலும் தட்டை மூடி, மேலே உடம்பையும் சாய்த்து, "ஐயையோ, வேணாங்க!" என்றார். அடுத்து நான். நானும் கையை நீட்டி மறைத்தேன்.

ஏன் மறைத்தேன்? வேண்டும் என்றுதான்!

உங்களுக்குத் தெரியாததா? ஹோட்டல் சர்வரிடம் நாம் சத்தம் போட்டுக் கேட்டு வாங்குவோம். ஆனால் ஒரு வீட்டு அம்மா கரண்டியோடு வந்து நின்றால் அது ஹோட்டல் இல்லை, வீடு. வீட்டில் முதல் தடவையே 'சரி, ஊத்துங்க' என்று சொன்னால் காணாததைக் கண்டவன் என்று ஆகிவிடாதா? முதலில் 'வேணாம்' என்போம். பிறகு 'போதும்' என்போம். மூன்றாவது தடவை 'கொஞ்சமா' என்று சொல்லிக் கையை எடுப்போம். விவரம் தெரிந்தவர்கள் இதற்கெல்லாம் காத்திருக்காமல் விரல் இடுக்கிலேயே ஊற்றிவிடுவார்கள். பாவம், பாங்காக்கில் இந்தக் கூத்து யாருக்குத் தெரியும்?

கரண்டி ஒன்பது பேரையும் சுற்றி வந்தது. ஒரு சொட்டுகூட இறங்கவில்லை. அந்த அம்மா பாத்திரத்தை மேஜை மேல் வைத்தார். எங்களைப் பார்த்து லேசாகத் தலை குனிந்து கும்பிட்டார். உள்ளே போய்விட்டார். உள்ளேயிருந்து மெல்லிய குரல், பிறகு மூக்கை உறிஞ்சுகிற சத்தம்.

மாலி வெளியே வந்தாள். கண் சிவந்திருந்தது.

"ஒருத்தர்கூட வாங்கலியாமே? எனக்காக மென்னு முழுங்குனாங்க, ரெண்டாவதுக்குக் கையால மூடிக்கினாங்கன்னு எங்கம்மா அழுவுது."

"ஐயோ மாலி, நாங்க நெஜமா வேணாம்னு சொல்லல! ஒனக்குத்தான் தெரியுமே, எங்க பழக்கம்..."

"தெரியும்க்கா," என்றாள். "எங்க மாமியா ஊட்டுல பாத்துகினுதான் இருக்கேன். ஆனா ஒன்ற வருசமா நெஜமாவே வேணாம்னு சொன்னவங்க நீங்க. இன்னிக்குச் சொன்னது எந்த வேணாம்னு நான் எப்டிக்கா கண்டுபுடிப்பேன்?"

வாராவாரம் ஊருக்கே புத்தி சொல்லி எழுதுகிறவள் நான். அவமானமாக இருந்தது. ஒன்பது பேரும் ஆளுக்கொரு சுவரைப் பார்த்தோம்.

அப்போது நாற்காலி நகரும் சத்தம். கோவிந்தசாமி சார் எழுந்தார். தட்டை எடுத்துக்கொண்டு நேரே கிச்சன் வாசலுக்குப் போனார். சொந்த வீட்டில்கூட இன்னொரு கரண்டி என்று வாய் திறந்து கேட்காத மனுஷர். அவர் வீட்டம்மா என்னிடமே சொல்லியிருக்கிறார். இரண்டு கையாலும் தட்டை நீட்டினார்.

"அம்மா... இன்னும் கொஞ்சம் போடுங்க."

அந்த அம்மாவுக்கு பாஷை புரியவில்லை. தட்டைப் பார்த்தார். அவர் முகத்தைப் பார்த்தார். சார் தட்டை இன்னும் கொஞ்சம் நீட்டினார். மாலி ஓடிப்போய்ப் பாத்திரத்தை எடுத்துக் கொடுத்தாள். ஒரு கரண்டி விழுந்தது. "இன்னும்," என்றார் சார். இன்னொன்று விழுந்தது. அவருக்குப் பின்னால் என் வீட்டுக்காரர். அவருக்குப் பின்னால் நான். ரேஷன் கடையில்கூட நாங்கள் இவ்வளவு ஒழுங்காக வரிசையில் நின்றதில்லை.

அந்த அம்மா சிரித்தார். புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே ஏதோ சொன்னார். மாலியும் சிரித்துவிட்டாள்.

"எங்க வண்டிகிட்ட யாரும் வாய மூடிக்கினு சாப்புட மாட்டாங்களாம். நீங்க பேசாம சாப்ட்டப்பவே அம்மாவுக்கு சந்தேகமாம். எதுனா பேசச் சொல்லுது."

வேறு யாராவதாக இருந்தால் 'பிரமாதம்' என்று சொல்லி முடித்திருப்பார்கள்.

"அப்ப ஒண்ணு சொல்றேன்," என்றார் கோவிந்தசாமி சார். "குழம்புல கத்திரிக்கா இன்னும் கொஞ்சம் வேகணும்."

மூன்றாம் நாள் சால்னா அண்டா திரும்பி வந்தது. எத்தனை நாளைக்குத்தான் மறைப்பது? அந்த அம்மா விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். யார் யோசனை என்று கேட்டார். கடையில் இருந்த அத்தனை கையும் என்னை நோக்கி நீண்டது. நன்றி கெட்ட ஊர்! தீர்ப்பை மாலிதான் மொழிபெயர்த்தாள். "நல்லாத்தான் கீதாம்க்கா. ஆனா நூடுல்ஸ் மேல மட்டும் ஊத்தாதீங்கன்னு கையெடுத்துக் கும்புடுது."

இப்போது சால்னா, புதிதாகப் போட ஆரம்பித்த பரோட்டாவுக்கு மட்டும். பச்சைக் குழம்பு போர்டில் முதல் வரியில். உரலிலிருந்து கரண்டிகளை எடுத்து வேறிடத்தில் மாட்டியது அந்த அம்மாதான். பத்து நாள் முடிந்து ஏர்போர்ட்டுக்குக் கிளம்பியதும் அவர் மட்டும்தான்.

கிளம்புவதற்கு முந்தின மதியம் எங்களுக்கெல்லாம் விருந்து. நான் இரண்டு தட்டு முடித்து, மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கரண்டியோடு வந்து நின்றார். தட்டை மறைத்து, "போதும்மா," என்றேன். ஒரு விரலால் என் கையைத் தள்ளிவிட்டு, பத்து நாளில் கற்றுக்கொண்ட ஒரே தமிழ் வார்த்தையைச் சொன்னார். "கொஞ்சமா!"

ஊற்றினார், முழுக் கரண்டி. அன்று நான் நிஜமாகவே போதும் என்றுதான் சொன்னேன்... யார் கேட்டார்கள்?