கூப்பிட்டிருந்தால்

ஜமுனாமரத்தூர் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே, சாமையும் தேனும் விற்கிற கடைக்கு மேல் ஒரு சின்ன அறை இருக்கிறது. மதியச் சாப்பாடு முடிந்ததும் அங்கே போய்க் கதவைச் சாத்திக்கொள்வேன். இத்தாலி நாட்டுக்காரர்களுக்கு கம்ப்யூட்டர் வழியாக இங்கிலீஷ் சொல்லிக்கொடுப்பதுதான் என் வேலை. கீழே கடை வைத்திருப்பவர் முதலில் நம்பவில்லை. "அவங்களே வெள்ளக்காரங்க. அவங்களுக்கு நீங்க இன்னாங்க இங்கிலீஷ் சொல்லிக் குடுக்கறது?" என்றார். வெள்ளைக்காரர்கள் எல்லாரும் இங்கிலீஷ்காரர்கள் இல்லை என்று சொல்லிப் பார்த்தேன். அவர் சிரித்துக்கொண்டே தேன் பாட்டிலைத் துடைத்தார்.

அதற்கு முன் வேலூரில் ஒரு தனியார் பள்ளியில் டீச்சராக இருந்தேன். அண்ணன் இறந்து, அண்ணியும் பிறந்த வீட்டுக்குப் போன பிறகு, அம்மா மலையில் தனியாகிவிட்டாள். வேலையை விட்டுவிட்டு வந்தேன். எங்கள் ஊரில் டவர் நிலையாக நிற்காது என்பதால் ஜமுனாமரத்தூரில் இந்த அறையைப் பிடித்தேன். இணையத்தில் பாடம் நடத்தும் ஒரு நிறுவனம் எனக்கு ஒதுக்கிய மாணவர்கள் எல்லாருமே இத்தாலிக்காரர்கள். எனக்கு அவர்கள் மொழி தெரியாது. ஆனால் ஒரே தப்பைத் திரும்பத் திரும்பத் திருத்தினால், அந்தத் தப்பு எங்கிருந்து வருகிறது என்று பார்க்கத் தோன்றும் அல்லவா? அப்படித்தான் அந்த மொழி எனக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் காதில் ஏறியது.

'இஃப்' போட்டுப் பேசும் வாக்கியங்களில்தான் அவர்கள் அதிகம் தடுமாறுவார்கள். அவர்கள் மொழியில் 'நீ வந்தால் நான் தருவேன்' என்பதற்கு இரண்டு பக்கமும் வருங்காலத்தைப் போடலாம். அதே பழக்கத்தில் 'இஃப் யூ வில் கம்' என்பார்கள். 'இஃப்' பக்கத்தில் 'வில்' வராது என்று சொல்லிச் சொல்லி எனக்கே தூக்கத்தில் வந்துவிடும். அதைத் தாண்டினால் இன்னும் பெரிய மேடு, நடக்காமலே முடிந்துபோன காரியத்தைச் சொல்லும் வாக்கியம். நமக்கு அது எளிது. கூப்பிட்டால் வருவேன். கூப்பிட்டிருந்தால் வந்திருப்பேன். நடுவில் ஒரு 'இருந்து' வந்து உட்கார்ந்தால் போதும், இனி செய்வதற்கு ஒன்றும் இல்லை என்று குழந்தைக்கும் புரிந்துவிடும். இங்கிலீஷில் அதற்கு 'ஹேட்', 'வுட் ஹேவ்' என்று இரண்டு பக்கமும் முட்டுக் கொடுக்க வேண்டும்.

என் மாணவர்களில் ஒரு அம்மா இருந்தார். அறுபதைத் தாண்டியவர். இத்தாலியின் வடக்கே ஒரு மலையூரில் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தலைமுடியை ஆண்பிள்ளை போல வெட்டியிருப்பார். பாடத்துக்கு ஒரு நாளும் தாமதமாக வந்ததில்லை. முதல் நாளே, எதற்காக இங்கிலீஷ் கற்றுக்கொள்கிறீர்கள் என்று கேட்டேன். "மருமகளோடு பேச" என்றார். மகன் இங்கிலாந்தில் வேலைக்குப் போனவன். அங்கேயே ஒரு பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டான். ஒரு பேத்தி இருக்கிறாள். மகன் என்ன வேலை செய்கிறார் என்று கேட்டேன். சொல்லத் தெரியாமல் கொஞ்ச நேரம் தேடினார். பிறகு, "செய்தான்" என்று இறந்த காலத்தில் சொன்னார். அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

பல வாரங்களுக்குப் பிறகு, நடக்காமல் போனதைச் சொல்லும் அந்த வகை வாக்கியத்துக்கு வந்தோம். விதியைச் சொல்லிவிட்டு, நீங்களாக ஒரு வாக்கியம் சொல்லுங்கள் என்றேன். மற்றவர்கள் இந்த இடத்தில் திணறுவார்கள். இவர் யோசிக்கவே இல்லை.

"இஃப் யூ ஹேட் கால்ட் மீ, ஐ வுட் ஹேவ் கம்."

நீ என்னைக் கூப்பிட்டிருந்தால் நான் வந்திருப்பேன். ஒரு பிசிறு இல்லை. மிகச் சரி, அருமை என்று சொல்லிக் கை தட்டினேன். அவர் முகத்தில் சந்தோஷம் வரவில்லை.

"சரியான வாக்கியம்தானா?"

"முழுக்கச் சரி."

"அப்படியானால் அவள் ஏன் கையை எடுத்துக்கொண்டாள்?"

பிறகு பாதி இங்கிலீஷிலும் பாதி தன் மொழியிலுமாக நடந்ததைச் சொன்னார். மகனுக்கு நோய் வந்து சீக்கிரமே முற்றிவிட்டது. வைத்தியம் முடியட்டும், அம்மாவுக்குச் சொல்லவேண்டாம் என்று மனைவியிடம் சொல்லியிருக்கிறான். அவளும் சொல்லவில்லை. இவருக்குச் செய்தி போனபோது எல்லாம் முடிந்திருந்தது. அடக்கத்துக்குப் போய்விட்டுத் திரும்பும் நாளில், பெட்டியோடு வாசலில் நின்று, மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டு இந்த வாக்கியத்தைச் சொல்லியிருக்கிறார். அந்தப் பெண் கையை உருவிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அதற்குப் பிறகு போன் செய்தால் எடுப்பதில்லை. கிறிஸ்துமஸ் சமயத்தில் பேத்தியின் போட்டோ மட்டும் வரும்.

"நீங்கள் என்ன சொல்ல நினைத்தீர்கள்? உங்கள் மொழியில் சொல்லுங்கள்" என்றேன்.

"சே மி கியாமி, வெங்கோ" என்றார்.

அந்த அளவுக்கு எனக்குப் புரிந்தது. நீ கூப்பிட்டால் வருகிறேன். குழந்தையை வைத்துக்கொண்டு தனியாக நிற்கிறாயே, எப்போது வேண்டுமானாலும் கூப்பிடு, வருகிறேன். அவ்வளவுதான் அவர் சொல்ல வந்தது. சின்ன வயதில் பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்த இங்கிலீஷ் வாக்கியம் ஒன்று அவருக்கு நினைவில் இருந்திருக்கிறது. அதில் 'வுட்' இருந்தது. 'வுட்' போட்டுப் பேசினால் மரியாதை என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அவர்கள் மொழியிலும் பணிவாகப் பேச அப்படி ஒரு வடிவம் உண்டு. மருமகளிடம் மரியாதையாகப் பேச வேண்டும் என்று அந்த வாக்கியத்தை எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்.

மருமகள் காதில் அது பழியாக விழுந்திருக்கும் என்பதை அவருக்கு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. இரண்டு வாக்கியங்களையும் திரையில் ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதினேன். கீழே உள்ளது நீங்கள் நினைத்தது, மேலே உள்ளது நீங்கள் சொன்னது என்றேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். ரொம்ப நேரம் படித்தார். அந்த மேல் வாக்கியம் எங்கள் வீட்டிலும் சொல்லப்பட்டிருக்கிறது.

அண்ணன் சுமை ஆட்டோ ஓட்டினான். விவசாயமும் பார்த்தான். ஒரு சாயங்காலம் மார்பு வலிக்கிறது என்று உட்கார்ந்தவனை அண்ணிதான் அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டு ஜீப்பில் ஏற்றிக் கீழே கொண்டுபோனாள். மலைப்பாதை இறங்கி முடிவதற்குள் போய்விட்டான். அம்மா அன்று அமிர்திப் பக்கம் சித்தி வீட்டுக்குப் போயிருந்தாள். நான் வேலூரில் இருந்தேன். கருமாதிக்கு மறுநாள் சொந்தக்காரர்கள் எல்லாரும் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தபோது அம்மா திடீரென்று சத்தமாக அழ ஆரம்பித்தாள். "எனக்கு ஒரு போன் போட்டிருந்தா நான் வந்திருக்க மாட்டனா? என் புள்ள மூஞ்சியப் பாத்திருக்க மாட்டனா?" அண்ணி அப்போது இலை போட்டுக்கொண்டிருந்தாள். கையிலிருந்த இலைக்கட்டைத் தரையில் வைத்துவிட்டு உள்ளே போனாள். அந்த வாரமே அவள் அப்பா படவேட்டிலிருந்து வந்து, கொஞ்ச நாள் இருந்துட்டு வரட்டும் என்று அவளையும் குழந்தையையும் அழைத்துப் போனார். திரும்பி வரவில்லை.

இத்தாலிக்கார அம்மாவோடு அடுத்தடுத்த வகுப்புகளில் அந்தக் கீழ் வாக்கியத்தையே பேசிப் பழகினோம். கூப்பிட்டால் வருவேன். அதோடு, அன்று நான் சொன்னது தப்பான வாக்கியம், என் மனசில் இருந்தது இது, என்று சொல்லவும் பழகினார். ஒரு வெள்ளிக்கிழமை பாடத்துக்கு வந்தவர், முந்தின நாள் பேசிவிட்டதாகச் சொன்னார். மருமகள் எடுத்திருக்கிறாள். முழுதும் கேட்டிருக்கிறாள். நடுவில் அழுதிருக்கிறாள்.

"மருமகள் என்ன சொன்னார்?"

அவர் அதையும் இங்கிலீஷிலேயே சொன்னார். நீங்கள் அன்றைக்கே இதைச் சொல்லியிருந்தால் நான் உங்களைக் கூப்பிட்டிருப்பேன்.

"எனக்கு உடனே புரிந்துவிட்டது டீச்சர். மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை" என்றார்.

மருமகள் இப்போது வேறு ஒருவரோடு இருக்கிறாள். கோடையில் வந்து பேத்தியைப் பார்க்கலாம், பக்கத்தில் ஒரு ஹோட்டல் இருக்கிறது என்று சொல்லியிருக்கிறாள். ஹோட்டல் என்ற சொல்லை அவர் இரண்டு முறை சொன்னார். பணம் கட்டியிருந்த பாடங்கள் முடிந்ததும் நன்றி சொல்லி விடைபெற்றார். கோடையில் போனாரா, குழந்தை பக்கத்தில் வந்ததா என்று எனக்குத் தெரியாது.

அந்த வெள்ளிக்கிழமை கடைசி பஸ்ஸில் ஊருக்குப் போனேன். அம்மா முறத்தில் புளி கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து நானும் கொட்டை எடுத்தேன். பிறகு கேட்டேன்.

"கருமாதிக்கு மறுநாள் அண்ணியப் பாத்து ஒண்ணு சொன்னியே, இன்னா நெனச்சி சொன்ன?"

"இன்னாடி சொன்னேன்?"

"போன் போட்டிருந்தா வந்திருக்க மாட்டனான்னு."

அம்மா கையை நிறுத்தவில்லை. "அவளப் பாத்தா சொன்னேன்? என் புள்ள போற நேரத்துல நான் பக்கத்துல இல்லியேன்னு சொன்னேன். வேற இன்னா சொல்வாங்க பெத்தவ?"

"அண்ணி தன்னைச் சொன்னதா நெனச்சிக்கிட்டாங்க."

இப்போதுதான் நிறுத்தினாள். "அதுக்கா வூட்ட வுட்டுப் போச்சு?" என்றாள். மறுபடி ஒரு புளியை எடுத்தாள். "வந்து கேட்டிருந்தா சொல்லியிருப்பனே" என்றாள், கொஞ்சம் கழித்து.

நீ போய்ச் சொல் என்றேன். நானா போவேன், பெத்தவ நான், என்று ஒரு மாசம் முரண்டு பிடித்தாள். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தானே சாமையையும் புளியையும் பையில் கட்டிக்கொண்டு, "வர்றியா, இல்ல நான் மட்டும் போவட்டுமா?" என்றாள்.

படவேட்டில் அண்ணியின் அம்மா "வாங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அண்ணி இளைத்திருந்தாள். செருப்புக் கம்பெனி ஒன்றில் வேலைக்குப் போகிறாள். கம்பெனி பஸ் ஊருக்குள்ளேயே வந்து ஏற்றிக்கொண்டு போகுமாம். அன்று லீவு. குழந்தை அவள் முதுகுக்குப் பின்னால் நின்று எங்களை எட்டிப் பார்த்தது. அம்மா கூப்பிட்டும் வரவில்லை.

காப்பி வந்தது. அம்மா அதைத் தொடாமல் பேச ஆரம்பித்தாள்.

"அன்னிக்கு நான் ஒன்னச் சொல்லலம்மா. என் புள்ள போறப்போ நான் இல்லாம போய்ட்டனேன்னு தாங்காம சொன்னேன். ஒனக்கு அது வேற மாரி கேட்டிருக்குது."

அண்ணி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கூப்ட்டேன் அத்தை" என்றாள்.

"இன்னா?"

"ஒங்களுக்குத்தான் மொதல்ல போட்டேன். தொடர்பு எல்லைக்கு வெளியேன்னே சொல்லிக்கினு இருந்துச்சு. ஜீப்ல போறப்பவும் போட்டுக்கினேதான் போனேன். அவருதான், வுடு, அம்மா பயந்துக்கும்னார்."

சித்தி வீடு காட்டை ஒட்டி இருக்கிறது. அங்கே எந்த போனும் வேலை செய்யாது. அது எங்கள் எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும் ஒருவர்கூட அண்ணியிடம் கேட்கவில்லை.

"ஏன் அண்ணி அன்னிக்கே சொல்லல?" என்றேன்.

"அத்தினி பேரு முன்னால எப்டிங்க சொல்றது? அவங்க அழுதுக்கினு இருந்தாங்க. நான் கூப்ட்டேன், ஒங்களுக்குத்தான் கெடைக்கலன்னு சொன்னா, அது அவங்க மேல பழி போட்ட மாரி ஆயிடுமே."

அம்மா இடுப்பிலிருந்த சுருக்குப்பையை அவிழ்த்துத் தன் போனை எடுத்தாள். பழைய பட்டன் போன். அண்ணியிடம் நீட்டினாள்.

"எங்க இருக்குது அது? காட்டு."

"எது அத்தை?"

"நீ கூப்ட்டது."

அண்ணி போனை வாங்கி, எதையோ தேடுவதுபோல் கொஞ்ச நேரம் அழுத்திக்கொண்டிருந்தாள். "கெடைக்காத போனுங்க அதுல நிக்காது அத்தை" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தாள். அம்மா அதை வாங்கி உள்ளங்கையிலேயே வைத்திருந்தாள். அப்போதுதான் அண்ணி அழுதாள். அண்ணன் செத்த அன்றும் அவள் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. உள்ளேயிருந்து அவள் அம்மா வந்து, ஆறிப்போன காப்பியை எடுத்துப்போய்ச் சூடு பண்ணிக் கொண்டுவந்தார்.

வீட்டுக்கு வந்துடும்மா என்று அம்மா கேட்டாள். "அங்க வந்து இன்னா பண்றது அத்தை? புள்ளைக்கு ஸ்கூலு இங்க. எனக்கு வேலை இங்க. நீங்க வந்து பாத்துட்டுப் போங்க" என்றாள் அண்ணி. கோபம் இல்லாமல்தான் சொன்னாள். அம்மாவும் "சரிம்மா" என்றாள். மத்தியானம் அங்கேயே சாப்பிட்டோம். கிளம்பும்போது குழந்தை கதவுக்குப் பின்னால் இருந்தபடியே கையை ஆட்டியது.

போன் போட்டிருந்தா என்ற அந்தப் பேச்சை அதற்குப் பிறகு அவள் எடுத்ததே இல்லை. யாராவது வந்து அண்ணனைப் பற்றிப் பேசினால், கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "வுடு, அம்மா பயந்துக்கும்னு சொன்னானாம்" என்கிறாள்.