பாப்பாத்தி அக்காவின் ஐநூறு பங்குகள்

மைசூர் ஹெப்பாளில் இருந்த எங்கள் திசு வளர்ப்புக் கம்பெனியில் பாப்பாத்தி அக்காவின் கைக்குத் தனி மரியாதை. வாழைக் குருத்தை நறுக்கிப் பாட்டில் பாட்டிலாக மாற்றி வைப்பாள். நூறில் ஒன்றில்கூடப் பூஞ்சை பிடிக்காது. ஹனூர்ப் பக்கத்திலிருந்து வந்த நான் எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி, தாவரவியல் படித்தவன். எனக்கு அந்தக் கை வரவில்லை.

தொண்ணூற்று நான்கில் கம்பெனி பங்கு வெளியிட்டது. தொழிலாளர் ஒதுக்கீட்டில், சீட்டுப் பணத்தை எடுத்துப் பத்து ரூபாய் விலைக்கு ஐநூறு வாங்கினாள் அக்கா. ஒற்றை அறை வாடகை வீட்டில் நான்கு பேர். தொட்டையன் என்பவர் விற்கவிருந்த சின்ன மனை ஒன்றின் மேல் அவளுக்குக் கண்.

சில மாதங்களில், பெரிய கம்பெனி ஒன்று எங்களை வாங்கப்போகிறது என்று பேச்சு கிளம்பியது. பம்பாய்த் தரகர்கள் வந்து, ஆய்வுக்கூடக் கண்ணாடிக்கு வெளியே நின்று அக்காவின் கையைப் பார்த்துவிட்டுப் போனார்கள். பங்கு அறுபதைத் தொட்டது.

"இப்பவே வித்துப்போடு புள்ள. மனைக்குச் சரியா வரும்," என்றார் அவள் கணவர் குப்புசாமி.

"சும்மா இருங்க. ரேக்கு ரேக்கா பாட்டில் நிக்குது, ஒண்ணாச்சும் கெட்டிருக்குதா? அப்பறம் எப்படி வெலை எறங்கும்? தம்பி, படிச்சவன் நீ சொல்லு."

"இன்னும் ஏறுமுங்க்கா," என்றேன்.

"டிகிரியே சொல்லிருச்சு! மனையையும் டிகிரிகிட்டயே வாங்கிக்க," என்று துண்டை உதறிக்கொண்டு போனார் குப்புசாமி.

கன்றுகளை வாங்க ஆளில்லாமல்தான் ரேக்குகள் நிறைந்திருந்தன. அது அவளுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

மறு வருடம் விலை எட்டுக்கும், அப்புறம் இரண்டுக்கும் இறங்கியது. பிறகுதான் பெரிய கம்பெனி உண்மையாகவே எங்களை வாங்கியது. ஆங்கிலக் கடிதத்தை நான் படித்துச் சொன்னேன். எங்கள் பங்கு நூற்றுக்கு அவர்களுடையது ஒன்று.

"அப்ப எனக்கு?"

"அஞ்சுங்க்கா."

"எவ்வளவு தேறும்?"

"எழுநூறு, எண்ணூறு."



தாய்ச் செடிகளை மட்டும் வேனில் பெங்களூருக்குக் கொண்டுபோனார்கள். மைசூர்க் கூடத்தை மூடினார்கள். மிச்சத்தையெல்லாம் நீராவியில் வேகவைத்துக் கொட்டச் சொன்னார்கள். அக்கா யாரையும் தொடவிடாமல் தன் பாட்டில்களைத் தானே கொட்டினாள்.

"எல்லாமே நல்லாத்தானே இருக்குது, தம்பி?"

"நல்லாத்தான் இருக்குதுங்க்கா."

அந்த வாரமே தொட்டையன் மனையை ஒரு வங்கி குமாஸ்தாவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். அடுத்த தீபாவளி சொந்த வீட்டில்தான் என்று வீட்டுக்காரி பசம்மாவிடம் எத்தனையோ முறை சொல்லியிருந்தாள் அக்கா. இப்போது பசம்மாவின் வாசலில் நின்று, இன்னும் கொஞ்ச காலம் இருந்துகொள்கிறோம், வாடகையை மட்டும் ஏற்றவேண்டாம் என்று கன்னடத்தில் கேட்டாள்.