டர்போ போகவில்லை

எனக்குப் பத்து வயதில் ஒரு சனிக்கிழமை, அம்மாவோடு பட்டறைக்கு வந்ததற்காக வெட்கப்பட்டு நின்றேன்.

பட்டாசுக் கம்பெனி வேலையை விட்டுவிட்டு அம்மா அப்போது கார் ஓட்டிக்கொண்டிருந்தாள். தாயில்பட்டியில் ஆறு பெண்களை ஏற்றி, வெம்பக்கோட்டைப் பக்கத்துக் கம்பெனியில் இறக்கிவிட வேண்டும். தீபாவளி சீசன் நேரத்தில் அந்தப் பழைய டீசல் கார் மேடு ஏறத் திணறியது. இரண்டு நாள் எல்லோரும் தாமதமாகப் போனார்கள். இனியும் தாமதமானால் திங்கட்கிழமை முதல் வேறு வண்டி வைத்துக்கொள்வதாகக் கம்பெனியில் சொல்லிவிட்டார்கள்.

சிவகாசிப் பட்டறையில் மெக்கானிக் பானட்டைத் திறந்து ஒருதரம் எட்டிப் பார்த்தார். “டர்போ போச்சும்மா, மாத்தணும். பொம்பளைக கையில குடுத்தா இப்படித்தான்.” சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

எஞ்சினுக்குள் கூடுதலாகக் காற்றைத் தள்ளி இழுவை கொடுப்பதுதான் டர்போ. வண்டியைப் பட்டறையில் விடும்போதெல்லாம் கூடவே நின்று கேட்டுக் கேட்டு அம்மா அதைத் தெரிந்து வைத்திருந்தாள்.

“ஆயில் குறையல. நீலப் புகை வரல. எதை வச்சு டர்போ போச்சுங்கீக?”

“எனக்கே பாடம் எடுக்கியாம்மா?”

போய்விடலாம் என்று அம்மாவின் சேலையை இழுத்தேன். அவள் என் கையைத் தட்டிவிட்டு, மெக்கானிக்கிடம் வண்டியை ஸ்டார்ட் செய்யச் சொன்னாள்.

டர்போவை ஒட்டி, காற்றழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் ஒரு சின்னக் கம்பி உண்டு. எஞ்சின் ஓடத் தொடங்கியதும் அது இழுபட வேண்டும். அசையவில்லை. காற்றை உறிஞ்சி அந்தக் கம்பியை இழுக்க, ஒரு பம்பிலிருந்து மெல்லிய ரப்பர் குழாய் வரும். கம்பிப் பக்கத்து முனையைக் கழற்றி அம்மா விரலை வைத்தாள், உறிஞ்சவில்லை. பம்ப் பக்கத்து முனையையும் கழற்றி, பம்பின் வாயில் விரலை வைத்தாள். பச்சக்கென்று இழுத்துப் பிடித்தது. அப்படியென்றால் கோளாறு இடையில்தான். குழாயைத் தடவிக்கொண்டே போய் அடிப்பக்கத்தைத் திருப்பிக் காட்டினாள். எலி கடித்த ஓட்டை.

“எலி கடிச்சதுக்கும் பொம்பள ஓட்டுனதுக்கும் என்னண்ணே சம்பந்தம்?”

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

புதுக் குழாய் மாட்டியதும் கம்பி சட்டென்று உள்ளே போனது. அதோடு விட்டாளா? மெக்கானிக்கைப் பக்கத்தில் உட்காரவைத்து மேட்டில் ஏற்றிக் காட்டினாள். இறங்கும்போது அவர், “நல்லாத்தான் ஓட்டுறீக” என்றார்.

“அது எனக்குத் தெரியும்ண்ணே.”

திங்கட்கிழமை ஆறு பேரும் அம்மா வண்டியிலேயே நேரத்துக்கு வேலைக்குப் போய்விட்டார்கள். ஆனால் எனக்குள் இன்றுவரை நிற்பது அந்தச் சனிக்கிழமை திரும்பி வந்த வழிதான். ஊருக்குக் கொஞ்சம் முன்னால் அம்மா வண்டியை ஓரங்கட்டி, சாவியைத் திருகி அணைத்தாள். ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தாள். இரண்டு கைகளும் நடுங்கின.

“ஏம்மா கை ஆடுது?”

“வண்டி அதிருதுட்டி.”

நம்பிவிட்டேன். எஞ்சின் ஏற்கெனவே அணைந்திருந்தது எனக்கு அப்போது உறைக்கவில்லை.